பீலிமுனியின் பூட்டு

எங்கள் தோட்டத்தில் என்னை மந்திரக்காரி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஆனால் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு காம்பராவில் பேசினால் நாலு காம்பராவுக்குக் கேட்கும், அதனால் எனக்குத் தெரியும். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது. பதினெட்டு வயதில், ஓ.எல். பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டு, கொழுந்துக்கூடை தூக்கிக்கொண்டிருந்தவளுக்கு வேறு என்ன பட்டம் கிடைத்துவிடப் போகிறது?

அது வந்த கதை சின்னது. ஒரு மாரியம்மன் திருவிழாவில் தப்புச் சத்தம் ஏறிக்கொண்டே போனபோது எனக்கு அருள் வந்தது. கூட்டத்தில் நின்ற கங்காணி பெண்சாதியைப் பார்த்து, "ஒன் சங்கிலி மாவு டின்னுக்குள்ள இருக்கு" என்றேனாம். ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார்கள், இருந்திருக்கிறது. எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தொலைந்த கோழி, தொலைந்த புருஷன், தொலைந்த போன். போன் என்றால், ரிங் கொடுத்துப் பார்த்தீர்களா என்று முதலில் கேட்பேன். பாதிப் பேர் அதிலேயே கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

கோயிலுக்குள் இருக்கும் சாமிகளோடு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. என் சிநேகம் எல்லாம் வெளியில் நிற்பவர்களோடுதான். தேயிலை ஃபெக்டரியின் சுவரோரம் ஒரு கல்லாக ரோதமுனி இருப்பார், உள்ளே சுற்றும் ரோதைகளுக்கு அவர்தான் காவல். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்கு ஒரு கவ்வாத்துசாமி. குழாயில் மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் பீலிமுனி. இவர்கள் நல்லவர்களும் இல்லை, கெட்டவர்களும் இல்லை. கொடுத்தால் செய்வார்கள், கொடுக்காவிட்டால் காய்ச்சலில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை லுணுகலைச் சந்தையில் அம்மா கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். முனிகளிடமும் அப்படித்தான் பேசுவேன். வேண்டாம் என்பதுபோல் ரெண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவேண்டும். அதுதான் தொழில்.

என்னைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் அக்காதான். கீழே பணிய லயத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். எங்கள் மேட்டு லயத்திலிருந்து பீலியடிக் குறுக்குப் பாதையில் இறங்கினால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அவள் வீடு வந்துவிடும். மலையில் என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டே, "ஒன் முனிகிட்ட கேளுடி, இன்னிக்கு மழ வருமா, நான் துணி காயப்போட்டுட்டு வந்திருக்கேன்" என்பாள். நான் கண்ணை மூடி, "வராது" என்பேன். வந்துவிடும். அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அக்கா வீட்டுப் பூட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் லயங்களில் எல்லோரும் ஒரே மாதிரிப் பூட்டுத்தான் வைத்திருந்தோம். லுணுகலை நடைபாதையில் குவித்து வைத்து விற்கிற அதே பித்தளை நிறப் பூட்டு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் ஒருவர் பூட்டை இன்னொருவர் எடுத்து மாட்டிவிட்டுப் போய், மத்தியானம் வாசலில் நின்று திட்டிக்கொள்வார்கள். அக்கா தன் பூட்டில் சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள். அதன் இரண்டாவது சாவியை என்னிடம் கொடுத்தாள். அவள் வளர்த்த செவப்புச் சேவல் குசினியில் அடைபட்டுக் கிடக்கும், நான் மலைக்குப் போகாத நாட்களில் பகலில் போய்த் திறந்துவிடவேண்டும்.

"ஏன், ஒன் மாமியாகிட்ட குடுக்கலாம்ல" என்றேன்.

"அவங்களும் மலைக்குத்தானே வர்றாங்க. நான் இல்லாத நேரம் யாராச்சும் தொறக்கணுமில்ல" என்றாள்.

சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். மந்திரத் தாயத்து என்று ஊர் நினைத்துக்கொண்டது. நானும் மறுக்கவில்லை.

ஒருநாள் காலை, பெரட்டுக்கு முன்னால், அக்கா பீலியடியில் செத்துக் கிடந்தாள்.

தலை கல்லில் பட்டிருந்தது. பக்கத்தில் வாளி உருண்டு கிடந்தது. தண்ணீருக்குப் போனவள் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். பொலிஸ் வந்து பார்த்தது, உடலைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், தலையில் அடி என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். அக்காவின் புருஷன், என் மச்சான், தான் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்லி அழுதார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் அக்காவின் காலில் ரெண்டு செருப்பும் இருந்தன. பீலிக்குப் போனால் அவள் செருப்பைக் கழற்றிக் கரைக்கல்லில் வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைப்பாள். சின்ன வயதில் அந்த இடத்தில் என்னை அதட்டியே வளர்த்தவள். "செருப்ப கழட்டுடி, வழுக்கும்" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. அவளா செருப்போடு பாசியில் ஏறி நிற்பாள்? யாரோ அவளைக் கொன்றிருக்கிறார்கள் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. வந்திருந்த பொலிஸ்காரரிடம் சொன்னேன். "அவசரத்துல மறந்திருப்பாங்க தங்கச்சி" என்று தன்மையாகச் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. யார் என்று தெரியாமல் அக்காவின் கருமாதிச் சோற்றைச் சாப்பிட்டு எழுந்திருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

சாவு விழுந்த வீடு, தீட்டு. கோயில் படி மிதிக்க முடியாது. ஆனால் முனிகளுக்குத் தீட்டு ஒன்றும் கிடையாது, அவர்கள் அதைவிட மோசமானதையெல்லாம் பார்த்தவர்கள். அதனால் அவர்களிடமே போனேன்.

முதலில் ரோதமுனி. கால் போத்தல் அரக்கு, ஒரு கட்டுச் சுருட்டு. பேப்பரில் விரித்து வைத்துவிட்டு, "எங்க அக்காவ யாரு கொன்னான்னு சொல்லுங்க. பேரு மட்டும் போதும்" என்றேன். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு எதுவும் ஏறவில்லை. உடம்பில் ஒரு சிலிர்ப்புக்கூட இல்லை. அரைப் போத்தல் என்றேன். முழுப் போத்தல் என்றேன். ரெண்டு எட்டு நடந்து திரும்பிப் பார்த்தேன். கல் கல்லாகவே இருந்தது. சுருட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முனிக்கு வைத்ததைத் திரும்ப எடுக்கக்கூடாது என்பார்கள். வேலை செய்யாதவருக்கு என்ன சுருட்டு?

அந்தச் சுருட்டோடு கருவாடும் ரொட்டியும் சேர்த்து அடுத்த நாள் கவ்வாத்துசாமிக்குக் கொண்டுபோனேன். கத்தியோடு நிற்கிறவர், வெட்டுக்குத்து விஷயம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. வெட்டிவிட்ட மலையில், குச்சி குச்சியாக நிற்கிற செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மத்தியானம் வரை மன்றாடினேன், மிரட்டினேன், தோட்டத்தில் உங்களை இனி யாரும் மதிக்காமல் பண்ணிவிடுவேன் என்றும் சொன்னேன். கருவாட்டை ஒரு நாய் தூக்கிக்கொண்டு போனது. எனக்குக் கிடைத்தது அட்டைக்கடிதான்.

மிச்சம் இருந்தது பீலிமுனி. நடந்த இடம் அவருடையது, முதலில் அவரிடம்தான் போயிருக்கவேண்டும். என்னால் முடியவில்லை. அக்கா கிடந்த கல்லைப் பார்க்கப் பயமாக இருந்தது. மற்றப் பெண்களும் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டுக் கீழே தொட்டியில்தான் தண்ணீர் பிடித்தார்கள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல வெயிலில், பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

பீலிமுனிக்கு உருவம் கிடையாது. அத்தி மரத்தடியில் ஒரு சூலம், அவ்வளவுதான். அந்தச் சூலம் முழுக்கப் பூட்டுத் தொங்கும். எங்கள் ஊரில் அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர். ஒரு வாய் திறக்கக்கூடாது என்றால், அந்த ஆளை மனதில் நினைத்துக்கொண்டு சூலத்தில் ஒரு பூட்டைப் பூட்டி, சாவியைத் தண்ணீரில் விட்டுவிடவேண்டும். கோட்டில் சாட்சி சொல்லப் போகிறவனுக்கு, கோள் சொல்லுகிற அண்டை வீட்டுக்காரிக்கு என்று ஆளாளுக்குப் பூட்டியிருப்பார்கள். ஒரு நிபந்தனை உண்டு. கடையில் புதிதாக வாங்கிய பூட்டை முனி ஏற்கமாட்டார். நம் வீட்டுக் கதவைப் பூட்டிப் பழகிய பூட்டாக இருக்கவேண்டும்.

நான் பேரத்தை ஆரம்பித்தேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. ஏற்கனவே ரெண்டு இடத்தில் ஏமாந்திருந்தேன். "வேல முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்றேன். பிறகு மனது கேட்காமல், எங்களிடம் இருந்ததிலேயே பெரியதைச் சொன்னேன். "எங்க அக்கா வளத்த செவப்புச் சேவல தர்றேன். சொல்லிருங்க."

சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்துப் பேசவேண்டுமே என்று சூலத்தைப் பார்த்தேன். துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் துருப்பிடிக்காமல் இருந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி.

கழுத்துச் சாவியைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே போய்ச் சரியாக உட்கார்ந்தது. திருப்பாமல் வெளியே எடுத்துவிட்டேன். அக்கா வீட்டுப் பூட்டை அக்கா வீட்டு ஆள்தான் கொண்டுவந்திருக்க முடியும். அங்கே இருப்பது மச்சானும் அவருடைய அம்மாவும். இதில் எனக்கு இன்றும் ஒரு ஆச்சரியம் உண்டு. முனியை நம்பாத ஒரு ஆள் இதைச் செய்திருந்தால் தப்பித்திருப்பான். பீலியடியில் நடந்ததை முனி பார்த்துவிட்டார் என்று நம்பியவர்கள்தான் பூட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மச்சான் முனியின் வாயைப் பூட்டியிருக்கிறார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

நேரே பணிய லயத்துக்குப் போனேன். அக்கா வீட்டுக் கதவில் பளபளவென்று புதுப்பூட்டு. அக்காவின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. தேத்தண்ணி குடிக்கிறியா?"

"பழைய பூட்டு எங்க அத்தை?"

"தொலஞ்சி போச்சிம்மா" என்றார். சொல்லும்போதே சேலைத் தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டார். நான் அதைத் துக்கம் என்று நினைத்தேன்.

பொலிஸுக்குப் போகலாமா என்று யோசித்தேன். முனியின் சூலத்தில் பூட்டுத் தொங்குகிறது, ஆகவே இது கொலை என்று சொன்னால் முதலில் எனக்குத்தான் வைத்தியம் பார்ப்பார்கள். தனியாகப் போய்ப் பூட்டைத் திறந்தாலும் பிரயோசனமில்லை. நாலு பேர் பார்க்கவேண்டும், முக்கியமாக மச்சான் பார்க்கவேண்டும். அதனால் கருமாதிவரை வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

கருமாதிச் சடங்கைத் தண்ணீர் ஓரத்தில் செய்வதுதான் எங்கள் வழக்கம். எங்களுக்கு ஆறு குளமெல்லாம் இல்லை, பீலிதான். ரெண்டு லயத்து ஆட்களும் வந்திருந்தார்கள். மச்சான் ஈர வேட்டியோடு வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டார். அம்மாவை ரெண்டு பெண்கள் தாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து சூலத்தைப் பார்த்து நடந்தேன். "அருள் வருது, வழி விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் நானாகத்தான் நடந்தேன்.

சாவியைப் போட்டுத் திருப்பினேன். பூட்டு வாயைத் திறந்தது. கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டினேன்.

"இது எங்க அக்கா வீட்டுப் பூட்டு. சாவியத் தண்ணியில விட்டாச்சின்னு நெனச்சிருப்பீங்க. இன்னொரு சாவி ஏங்கிட்ட இருக்கு. யாரு வாய மூட இது இங்க தொங்குச்சி, சொல்லுங்க மச்சான்."

மச்சான் எள்ளைக் கீழே போட்டுவிட்டார். "இவளுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. நான் எந்தப் பூட்டையும் மாட்டல" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பூட்டை அவர் அங்கே எதிர்பார்க்கவேயில்லை. அது நடிப்பு இல்லை. எல்லாக் கணக்கும் தப்பாகிவிட்டது, நாலு பேர் முன்னால் அக்காவின் சடங்கைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது அத்தை தரையில் உட்கார்ந்தார்.

"அவன் இல்லம்மா. நாந்தான் மாட்டுனேன்."

"யாரு வாயப் பூட்டுனீங்க அத்தை?"

"என் வாயத்தான்."

அத்தை என்னைப் பார்க்காமல், என் கையிலிருந்த பூட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"காலையில குடிச்சிட்டு வந்து சண்ட போட்டான். இனிமே ஒன்னோட இருக்க மாட்டேன், எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னு பேக்க எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. பின்னாலயே ஓடுனான். நானும் ஓடுனேன். இங்கதான் புடிச்சி கல்லுல மோதுனான். எந்திரிக்கப் பாத்தா, விடல. அப்புறம் பேக்க வீட்டுல வச்சிட்டு வாளிய எடுத்துக்கிட்டு வரச் சொன்னான். நான் எடுத்துக்கிட்டு வந்து குடுத்தேன். பெத்த புள்ளைய எப்புடிம்மா காட்டிக் குடுக்குறது? ஆனா யாரப் பாத்தாலும் சொல்லிருவேன் போல இருந்திச்சி. அதான் முனிகிட்ட வாயக் குடுத்துட்டேன். இப்ப நீ தொறந்துட்ட."

அக்காவின் செருப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் தண்ணீருக்குப் போகவில்லை. குறுக்குப் பாதையில் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் மேட்டு லயத்தில் நாங்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்திருப்போம். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அவன் ஓடப் பார்த்தான். இனி அவனை அவன் என்றுதான் எழுதுவேன். ஈர வேட்டி காலைச் சுற்ற, பாசியில் குப்புற விழுந்தான். அந்தப் பீலியடியில் உண்மையிலேயே வழுக்கி விழுந்த ஆள் அவன் ஒருவன்தான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கே அத்தை லயத்து ஆட்களோடு போய்ப் பொலிஸில் எல்லாவற்றையும் சொன்னார், வாளி எடுத்துக் கொடுத்தது உட்பட. பிறகு பதுளைக் கோட்டிலும் சொன்னார், மகனுடைய முகத்தைப் பார்த்தபடி. அவன் உள்ளே இருக்கிறான்.

முனிக்குச் சேவல் பாக்கி இருந்தது. என்னால் அதை அறுக்க முடியவில்லை. பீலியடிக்குத் தூக்கிக்கொண்டு போய், "தர்றேன்னுதான் சொன்னேன், அறுத்துத் தர்றேன்னு சொல்லல" என்று சொல்லி உயிரோடு விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன், காய்ச்சல் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் பிடிக்க வருகிற பெண்களைத் துரத்தித் துரத்திக் கொத்திக்கொண்டு அது நெடுநாள் அங்கே ராஜாவாக இருந்தது.

நான் இப்போது பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலயில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். மந்திரம் எல்லாம் இல்லை, பிளவுஸுக்குக் கழுத்து வெட்டுவதே போதுமான வித்தையாக இருக்கிறது. கடைக்கதவில் தொங்குவது அக்காவின் பூட்டு. தண்ணீரில் போன சாவிக்குப் பதிலாகப் பதுளையில் ஒன்று வெட்டி, அதை அத்தையிடம் கொடுத்தேன். அவரைப் பணிய லயத்தில் யாரும் சேர்க்கவில்லை. மகனைக் காட்டிக் கொடுத்தவள் என்று பாதிப் பேர், வாளி கொடுத்தவள் என்று மீதிப் பேர். கடைக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்துகொண்டு எனக்குப் பொத்தான் தைத்துத் தருகிறார். அவரை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், சில நாள் ஆமாம், சில நாள் இல்லை.

அம்மாவுக்கு இது பெரிய கோபம். "அந்தப் பொம்பளைக்கா சாவி குடுத்த?" என்று போனில் கேட்டார்.

"நான் இல்லாத நேரம் யாராச்சும் தொறக்கணுமில்லம்மா" என்றேன். அக்கா சொன்னது என்று அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் குரல் அவளுடையதுபோல் கேட்டிருக்கவேண்டும். அம்மா போனை வைத்துவிட்டார்.

போன தீபாவளி வேலை நெருக்கடியில், நூல் வாங்கப் பதுளைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கடைக்குள் அம்மா உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் வந்திருக்கிறார். அத்தைதான் கதவு திறந்துவிட்டிருக்கிறார். ரெண்டு பேரும் பேசிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. தேத்தண்ணீர் தொடப்படாமல் ஆறிப்போயிருந்தது. அம்மாவின் மடியில் பூட்டு இருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"புள்ளி அழிஞ்சிக்கிட்டு வருது" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

அத்தை எழுந்து வெளியே போனார். எதிர்த்த ஃபென்ஸிக் கடையிலிருந்து ஒரு சிவப்புக் கியூட்டெக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்து, தூரிகையைப் பூட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்தபோது கை நடுங்கியதில் வைக்க முடியவில்லை. அம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பிடித்து, புள்ளி இருந்த இடத்துக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தார்.